நீலியின் வழக்கும் மலையாற்றூரின் ‘யட்சி’யும்

திருவனந்தபுரத்திலிருந்து பத்மநாபபுரம் செல்லும் பழைய இராசபாட்டையின்மீது நம் ஊர்கள் அமைந்துள்ளன. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை எனக் கேரளத்தில் வரும் பாட்டை, களியக்காவிளை, குழித்துறை, தக்கலை எனத் தமிழ்நாட்டில் தொடர்கின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இப்பாட்டையின் குறுக்கே மாநில எல்லை விழுந்தது. விளவங்கோடும் கல்குளமும் அப்பாற் போயின. நெய்யாற்றின்கரை இப்பால் நின்றது. ஆயினும் கதைகள் மட்டும் எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காமல் இருபுறமும் போய்வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது இப்பாட்டையில் வழிப்போக்கரை மறித்த யட்சியின் கதை.

கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுப் பகுதிகளாக வெளியிட்ட ‘ஐதிகமாலை’யில், கடமற்றத்துக் கத்தனார் வரலாற்றினிடையே இந்த யட்சி வருகின்றாள். அழகிய பெண்ணாய் வழியில் நின்று, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு, இரங்கி நின்றவனை உண்டுவிடுவது அவள் இயல்பு. கத்தனார் அவள் தலையில் ஆணி அறைந்து அடக்குகின்றார். பிறகு ஒரு கிழவி அந்த ஆணியைப் பிடுங்கிவிட, அவள் மீண்டும் மறைந்துபோகின்றாள். அவள் இறந்தாள் என்று சொல்வதற்கு எந்தக் கதைசொல்லியும் துணியவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

யட்சி ஏன் சாவதில்லை? இக்கட்டுரை ஆராயப் புகும் வினா இதுவே. மந்திர வலிமையால் என்பது எளிய விடை. நீலியின் பழங்கதையையும், மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 1967இல் வெளியிட்ட ‘யட்சி’ என்னும் மலையாள நாவலையும் அருகருகே வைத்துப் படிக்குங்கால் நமக்கு வேறொரு விடை புலப்படுகின்றது. அதனை இம்மலர் வாயிலாக அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

வில்லில் வரும் நீலி

கோயில் கொடை நாள்களில் வில்லும் குடமும் உடுக்கையும் தாளமும் சேர விடியவிடியப் பாடப்படும் நீலி கதையை நாம் இளமையில் கேட்டிருக்கின்றோம். பாடுவார்க்குப் பாடுவார் சில நிகழ்ச்சிகள் மாறும், சாரம் மாறுவதில்லை.

கோயில் பூசகன் ஒருவன் கணிகை குலத்துப் பெண்ணொருத்தியிடம் பொருளையெல்லாம் இழக்கின்றான். வெறுங்கையனான அவனை அவள் தாய் துரத்துகின்றாள். மகளோ அவனைக் கணவனாகவே கருதி, அணிந்த நகைகளோடு பின்தொடர்ந்து வருகின்றாள். கள்ளிக்காட்டில் களைத்து, அவன் மடியில் தலைவைத்து உறங்குகின்றாள். அவன் அத்தலையை மெல்ல இறக்கி மணலில் வைத்து, கல்லைத் தூக்கிப் போட்டுக் கொன்று, நகைகளைக் கவர்கின்றான். உயிர் பிரியும் நேரத்தில் சுற்றிலும் மனிதர் இல்லாமையால், அருகில் நின்ற கள்ளியையே சாட்சியாக்கி அவள் மடிகின்றாள். தேடிவந்த அண்ணனும் அவ்விடத்தே உயிர் விடுகின்றான். கொன்றவனும் பாம்பு தீண்டி இறக்கின்றான்.

மறுபிறப்பில் அவள் நீலி, அவன் வணிகன். அவனைக் கண்டதும் கள்ளிக் கொப்பொன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘என் கணவன் என்னைக் கைவிட்டுப் போகின்றான்’ என்று ஊர்ச்சபை முன் அழுகின்றாள். அவன் தன் மனைவியல்லள் என்கின்றான். பேய் என்று அலறுகின்றான். சபையார் எழுபதின்மரும் குழந்தையை இறக்கிவிடச் செய்கின்றனர். அது நேரே அவன் மடியில் சென்று ஏறுகின்றது. இதற்குமேல் சான்று வேண்டுமா? அவன் காவலுக்கு வைத்திருந்த வாளையும் வாங்கிவைத்துக்கொண்டு, ‘உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம்’ என்று வாக்களித்து, இருவரையும் ஓர் அறையில் இருக்கச் செய்கின்றனர். விடிந்து பார்த்தால் வணிகன் பிணமாய்க் கிடக்கின்றான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்கின்றனர்.

தொண்டை நாட்டில் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாகவும் இக்கதை வழங்குகின்றது. திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதனைச் சுட்டுகின்றார். நம் பக்கத்தில் அவள் கள்ளியங்காட்டு நீலி. நாகர்கோவில் பார்வதிபுரத்தை ஒட்டிய கள்ளியங்காடு இன்றும் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

இக்கதையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நீலி காட்டிலேயே அவனைக் கொன்றிருக்கலாம். அதற்கு வேண்டிய வலிமை அவளிடம் இருந்தது. அவளோ ஊருக்குள் வருகின்றாள், சபையைக் கூட்டுகின்றாள், முறையிடுகின்றாள், சாட்சியை முன்னிறுத்துகின்றாள். முற்பிறப்பில் சாட்சியாக நின்ற கள்ளியே இப்பிறப்பில் குழந்தையாகிச் சபைக்கு வருகின்றது. இப்பிறப்பின் கணக்கில் அவள் சொன்னது பொய். முற்பிறப்பின் கணக்கில் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சபையார் கண்முன் கண்ட சான்றைக்கொண்டு நேர்மையாகவே தீர்ப்பளித்தனர், நேர்மையாகவே மாண்டனர். ஆனால் கள்ளிக்காட்டுக் கொலை அச்சபையில் ஒரு நொடியும் விசாரிக்கப்படவில்லை. தீப்பாய்ந்த எழுபதின்மரின் வாய்மையைச் சைவ உலகம் போற்றி வருகின்றது, அது தக்கதே. மணலில் தலை நசுங்கிக் கிடந்தவளுக்கோ தமிழ் வழங்கியது ஒரு மரபுத்தொடர்: ‘நீலிக் கண்ணீர்’.

பொய்யாக அழுவதை நீலிக் கண்ணீர் என்கின்றோம். கொலையுண்டவளின் அழுகையைப் பொய்யழுகைக்கு உவமையாக்கிவிட்ட நம் மொழி, அவள் வழக்கை விசாரியாமலே தள்ளுபடி செய்துவிட்டது.

புலவர் நூல்களில் நீலி

நீலி என்னும் பெயரே தமிழிலக்கியத்தில் முறையீட்டின் பெயராக வருவதை நோக்கவேண்டும். சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில், கோவலன் கொலையுண்டதன் காரணத்தை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கின்றது. முற்பிறப்பில் கோவலன், பரதன் என்னும் பெயருடைய அரசுப் பணியாளன். சிங்கபுரத்துக் கடைத்தெருவில் பண்டம் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை அவன் ஒற்றன் எனக் காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி பதினான்கு நாள் முறையிட்டு அலைந்து, மலையேறி வீழ்ந்து, சாபமிட்டு உயிர் நீத்தாள். அவள் பெயரும் நீலி. கண்ணகி கேட்ட நீதிக்கும் முற்பட்டு, கேட்பாரின்றிப் போன நீதியொன்று காப்பியத்தின் அடியில் கிடக்கின்றது.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி இன்னும் வியப்புக்குரியது. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் இதனைப் பதிப்பித்தார். முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த வந்த பழையனூர் நீலி, அவர்பால் அறங்கேட்டு மாணவியாகின்றாள். பின்னர் குண்டலகேசி முதலிய பௌத்தரோடும், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியரோடும் வாதம் புரிந்து வெல்கின்றாள். ஊர்ச்சபையில் அழுது மட்டுமே பேசமுடிந்த நீலிக்குச் சமணப் புலவர் தருக்கம் பேசும் நாவை வழங்கினார். எனினும் அவள் பேசியதெல்லாம் ஆன்மா பற்றியும் அணு பற்றியும் ஆகும். தன் கொலையைப் பற்றிய வாதம் அந்நூலிலும் இடம்பெறவில்லை.

மலையாளத்தில் சி. வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு கிடக்கும் இளைஞன் ஒருவனோடு தொடங்குகின்றது. யட்சியின் பெயரால் மக்கள் அஞ்சிய காடு அது. ஆனால் அங்கே வாள் வீசியவர்கள் மனிதர்கள். காரணம் அரசுரிமைப் பூசல். நெய்யாற்றின்கரைக் கண்ணன் கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலாவின் பொந்தில் இளவரசர் ஒளிந்து தப்பியதாக வழங்கும் காலம் அது. யட்சியின் காட்டில் நடக்கும் கொலைகள் யாவும் யட்சி செய்தவையல்ல என்பதைச் சி. வி. அன்றே காட்டிவிட்டார்.

மலையாற்றூரின் நாவல்

இனி ‘யட்சி’க்கு வருவோம். மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 1927இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியில் இருந்து 1981இல் விலகியவர், 1997இல் மறைந்தார். கேரளத்துத் தமிழ்க் குடும்பமொன்றின் வாழ்வைச் சித்திரிக்கும் அவருடைய ‘வேர்கள்’ 1967இல் கேரள சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எல்லையூரில் இருமொழியும் படிக்கும் நம்மனோர்க்கு அவர் ஒருவகையில் உறவினர். அவரைக் குறைகூற முற்படும்போதும் அவ்வுரிமையோடேயே கூறுகின்றோம்.

நாவலின் நாயகன் சீனிவாசன், கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவன், அழகன். ஆய்வுக்கூட விபத்தில் அவன் முகம் கருகிச் சிதைகின்றது. அதுவரை விரும்பியவர்கள் விலகுகின்றனர். தனிமையில் யட்சி, மந்திரவாதம் பற்றிய நூல்களில் மூழ்குகின்றான். அப்போது ராகிணி என்னும் பேரழகி வருகின்றாள். அவன் முகத்தைக் கண்டு அருவருக்காமல் அவனை ஏற்கின்றாள். இத்தகைய அழகி இத்தகைய முகத்தை எப்படி விரும்பமுடியும் என்னும் ஐயம் அவனுள் முளைக்கின்றது. அவள் செய்யும் ஒவ்வொன்றும் அவனுக்கு யட்சியின் அடையாளமாகின்றது. முடிவில் அவளைக் கொன்றுவிடுகின்றான்.

யட்சியைக் கள்ளிக்காட்டிலிருந்தும் ஏழிலைப்பாலை அடியிலிருந்தும் எடுத்துவந்து, மின்விளக்கு எரியும் வீட்டில், கல்லூரி ஆசிரியனின் மனைவியாக உலவவிட்டது மலையாற்றூரின் பெருந்திறம். இருட்டையும் ஓலத்தையும் நம்பாமல் ஐயத்தை மட்டும் நம்பி அவர் அச்சத்தை எழுப்புகின்றார். படிப்பவரும் ஒரு கட்டத்தில் ராகிணியை ஐயுறத் தொடங்கிவிடுகின்றோம். அன்பு செலுத்தும் பெண்ணைப் பேயென நினைக்க நமக்கே எத்துணைச் சிறிய சான்று போதும் என்பது அப்போதுதான் உறைக்கின்றது. 1968இல் கே. எஸ். சேதுமாதவன் சத்யனையும் சாரதாவையும் கொண்டு இதனைத் திரைப்படமாக்கியபோதும் இவ்வையமே படத்தின் உயிராயிற்று.

இனிக் குறையைச் சொல்வோம். கதை சீனிவாசனின் மனத்தையே ஒட்டிச் செல்கின்றது. ராகிணியின் மனத்துக்குள் நமக்கு வழியில்லை. அவள் யார், அவனைக் காணுமுன் என்னென்ன பட்டாள், முகம் கருகியவனிடம் எதைக் கண்டு அன்பு கொண்டாள் என்பனவெல்லாம் நிழலிலேயே நின்றுவிடுகின்றன. நாவல் நடப்பது மனநோய் என்னும் விளக்கத்தை நோக்கி. நீலியின் வழக்கு ஊர்ச்சபையில் நடந்தது; ராகிணியின் வழக்கு மனநல மருத்துவரின் அறைக்கு மாற்றப்பட்டுவிட்டது. சபையில் அவள் வாதி. மருத்துவர் அறையிலோ நோயாளி அவன். அவள் அவனுடைய நோயின் ஒரு குறி. அறிவியல் பேயை ஓட்டியது நன்றே. ஆனால் பேயோடு சேர்த்து முறையிட்ட பெண்ணையும் வெளியே தள்ளிவிட்டது.

நாவல் முடியும் இடம்

இருப்பினும் இந்நாவலை நாம் உயர்ந்ததென்றே கொள்கின்றோம். அதன் காரணம் நாவலாசிரியர் எண்ணியிருந்தாரோ அல்லரோ, நூலின் அமைப்பிலேயே இருக்கின்றது.

வில்லுப்பாட்டில் முதலில் என்ன நிகழ்கின்றது? நம்பி வந்த பெண்ணை, கணவனாகக் கருதப்பட்டவன் கொல்கின்றான். அதன் பின்னரே யட்சி தோன்றுகின்றாள். மலையாற்றூரின் நாவலில் இறுதியில் என்ன நிகழ்கின்றது? நம்பி வந்த பெண்ணைக் கணவன் கொல்கின்றான். வில்லுப்பாட்டு தொடங்கும் இடத்தில் நாவல் முடிந்துவிடுகின்றது. ராகிணி யட்சியாக இருந்து கொல்லப்பட்டவள் அல்லள். கொல்லப்பட்டமையால் இனிமேல் யட்சி ஆகவேண்டியவள். நாவலின் கடைசிப் பக்கத்துக்குப் பிறகே அவள் வழக்கு தொடங்குகின்றது.

இவ்வாறு இரண்டையும் இணைத்துப் படித்தால் யட்சியின் சாவாமைக்கு விடை கிடைக்கின்றது. அவளைச் சாகவிடாமல் வைத்திருப்பது மந்திரமன்று, தீராத வழக்கு. ஆணி அறைந்தாலும் அது வாய்தா வாங்கியதேயன்றித் தீர்ப்பாகாது. கிழவி ஒருத்தி தலையைத் தடவி ஆணியைப் பிடுங்கினாள் என்னும் ஐதிகமாலைச் செய்தியும் இங்கே புதுப்பொருள் பெறுகின்றது. வழிப்போக்கர் அஞ்சிய தலையில் ஓர் ஆணி இருப்பதைக் கண்டவள் இன்னொரு பெண்தான்.

நம் ஊர் மக்களும் இதனை ஒருவாறு உணர்ந்திருந்தனர். யட்சி என்னும் சொல்லே நம் நாட்டுப்புறத்தில் இசக்கி ஆயிற்று. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இசக்கியம்மனுக்குப் பெருங்கோயில் உண்டு. பிள்ளை வரம் வேண்டுவோர் தொட்டில் கட்டுவது அவள் முன்னிலையில்தான். கள்ளிக்கொப்பைப் பிள்ளையென இடுக்கி வந்தவளிடமே பிள்ளை கேட்கின்றனர். கத்தனார் ஆணி கொண்டுவந்தார். மருத்துவர் நோய்ப்பெயர் கொண்டுவந்தார். நாட்டுப்புறப் பெண்கள் பொங்கலிட்டு அவளுக்கு ஓர் இடம் கொடுத்தனர். நீதி கொடுக்க இயலாதவர்கள் இடமாவது கொடுத்தார்கள் என்போம்.

மீண்டும் நகரத்தில்

நீலி அண்மையில் மறுபடியும் நகரத்துக்கு வந்திருக்கின்றாள். 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான ‘லோகா’ என்னும் மலையாளத் திரைப்படத்தில், டொமினிக் அருண் அவளைச் சந்திரா என்னும் பெயரில் பெங்களூரில் உலவவிடுகின்றார். காலங்கடந்து வாழும் இந்நீலி, காட்டுக் குடியொன்றின் சிறுமியாக இருந்தவள். கோயிலில் வழிபட்டதற்காக அரசன் ஆட்களால் தன் மக்கள் அழிக்கப்பட்டதைக் கண்டவள். மலையாற்றூர் விட்டுவிட்ட ஒன்றை இப்படம் திருப்பிக் கொடுத்தது. அது நீலிக்கு ஒரு காரணம். கணவனின் கொலை குடிகளின்மீது நிகழ்ந்த கொடுமையாக விரிந்தமையையும் நாம் வரவேற்கின்றோம். பழைய கதையிலிருந்து அது விலகும் இடமும் ஒன்றுண்டு. இந்த நீலி கைவலியால் வெல்கின்றாள். வில்லுப்பாட்டு நீலியோ கைவலி இருந்தும் முதலில் சபைக்கு வந்தாள். வென்றவளைக் கண்டு கைதட்டுவது எளிது; முறையிடுகின்றவளுக்குச் செவி கொடுப்பதே அரிது.

செவி கொடாமையைப் பற்றிப் பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கு முழுமையாக இல்லை. ஈண்டு இரண்டை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிறுவயதில் நம் தெருக்கோடியில் கணவனால் கைவிடப்பட்ட மூதாட்டி ஒருத்தி தனியே வாழ்ந்தாள். தலைவிரித்து வைகறையில் குளக்கரைக்குப் போவாள். பிள்ளைகளாகிய எமக்கு அவள் யட்சி. ஒருநாள் கடைக்குப் போன நம்மை நிறுத்தி, வெற்றிலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கிவரச் சொன்னாள். ஐதிகமாலைக் கதையைக் கேட்டிருந்த நாம் காசை எறிந்துவிட்டு ஓடினோம். அந்தக் காசை அவள் மண்ணில் தேடிக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கின்றது.

மற்றொன்று பணிக்கு வந்தபின் நேர்ந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குடும்ப ஓய்வூதியக் கோப்புகளைக் கவனித்து வந்தோம். இறந்த ஊழியரின் மனைவி தாமே என்று ஒரு பெண் வந்தாள். அவர் பிரிந்து சென்று பல்லாண்டாகியிருந்தது. பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. கொண்டுவந்த தாள்களில் ஒரு சான்றிதழ் குறைந்தது. அவள் அழுதாள். பின்னிருக்கையிலிருந்து ‘நீலிக் கண்ணீர்’ என்று ஒரு குரல் எழுந்தது, நாமும் சிரித்தோம். விதிப்படி தாள்களைத் திருப்பிக் கொடுத்தோம். விதியில் பிழையில்லை. அவள் மீண்டும் வரவில்லை. அவள் சொன்னது மெய்யா என்று அறிய, அவளைக் கேட்க ஒருநாளும் நாம் முயலவில்லை. கண்முன் கண்ட சான்றை மட்டும் நோக்கிய அந்த எழுபதின்மரின் இருக்கையில் அன்று நாம் அமர்ந்திருந்தோம். அவர்கள் தம் தீர்ப்புக்கு உயிரைக் கொடுத்தனர்; நாம் மாலை வண்டியில் வீடு திரும்பினோம்.

முடிவுரை

ஆகவே ‘யட்சி’யைப் பேய்க்கதையாக மட்டும் படித்து மூடிவைத்தல் தகாது. ஐயம் எவ்வாறு ஒரு பெண்ணைப் பேயாக்குகின்றது என்பதை அந்நாவல்போல் நெருங்கிக் காட்டியவை மிகச் சில. அதனைப் படித்தவர்கள் வில்லுப்பாட்டு நீலியையும் கேட்கவேண்டும். நாவல் மௌனமாகும் இடத்தில் அவள் பேசத் தொடங்குகின்றாள். எல்லையின் இருமருங்கும் வாழும் நமக்கே இரண்டையும் மூலமொழியில் அறியும் வாய்ப்பு இருக்கின்றது.

நீலி கதையை இரவு முழுதும் பாடவல்ல வில்லுப்பாட்டுப் புலவர்கள் அருகி வருகின்றனர். கொடைகளில் பாட்டுக்கு ஒதுக்கும் நேரமும் சுருங்கி வருகின்றது. எஞ்சியுள்ளோரை அழைத்து, முழுக் கதையையும் பாடச்செய்து, ஒலிப்பதிவு செய்து, ஏட்டிலும் ஏற்றும் பணியை நம் சங்கம் மேற்கொள்ளவேண்டும் என்று வேண்டிக்கொள்கின்றோம். அதுவரை அன்பர்கள் ஒன்று செய்யலாம். இனி யாரேனும் ஒரு பெண்ணின் அழுகையை நீலிக் கண்ணீர் என்று சொன்னால், நீலி எதற்காக அழுதாள் என்று அவரைக் கேட்கலாம்.